லாடக்காரர் எடுத்த நகம்

மனுசர் முகத்தைப் பார்க்காமலே ஒரு ஊர் முழுக்கப் பழகினவர் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் பாளையங்கோட்டை வண்டிப்பேட்டையில் மாட்டுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தார். பேர் என்று ஏதாவது இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லாடக்காரர், அவ்வளவுதான்.

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச்சு மட்டும் ஊருக்குள் வந்திருந்த காலம் அது. எங்கே போனாலும் மாட்டு வண்டிதான், அதனால் அவருக்கு ஓயாத வேலை. தலைகால் புரியாத ஆள் என்று மற்றவர்களைச் சொல்வோம். இவருக்குக் கால் நன்றாகப் புரியும், தலைதான் புரியாது. எதிரே யார் வந்தாலும் பார்வை முழங்காலுக்குக் கீழேதான். ஒருதடவை தாசில்தார் வந்து நின்றபோது, "இடது குதிகாலைத் தேச்சு நடக்கீரே, வே. செருப்பு ஒரு பக்கம் தேஞ்சிருக்கும், பாரும்" என்றார். தாசில்தார் கோபத்தோடு செருப்பைக் கழற்றிப் பார்த்தார். தேய்ந்துதான் இருந்தது.

தங்கச்சி மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம், பெண் எப்படி என்று கேட்டார்கள். "ரெண்டாவது விரல் கொஞ்சம் நீளம். மத்தபடி குறையில்லை" என்றார். சிவப்பா கறுப்பா என்று கேட்டதற்கு, மருதாணி போட்டிருந்ததால் தெரியவில்லையாம்.

மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க, இந்தா முடிஞ்சிட்டு" என்று மாட்டுக்கு அத்தனை மரியாதை. மாட்டுக்காரனுக்கு, "ஏலே, வாலை விடுலே." ஊர்க் காலையெல்லாம் குறை சொன்ன மனுசருக்குத் தன் கால் நகம் மட்டும் பனங்கிழங்கு தோண்டலாம் போல வளர்ந்து கிடக்கும்.

இப்பேர்ப்பட்டவர் கையில்தான் என் வீரி போய்ச் சேர்ந்தது.

வீரி எங்கள் அப்பா வீட்டு வேட்டை நாய். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து நான் கல்யாணமாகி வந்த வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தது. அம்பாசமுத்திரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. மாப்பிள்ளையைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அதை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். புகுந்த வீட்டில் என் பக்கத்து ஆள் என்று அது ஒன்றுதான்.

மாமியாருக்கு முதல் நாளிலிருந்தே அதைப் பிடிக்கவில்லை. ஒருநாள் அது படுத்திருக்கும்போது நகத்தை எண்ணிவிட்டார்கள். நாய்க்குப் பதினெட்டு நகம்தான் வழக்கம். வீரிக்குப் பின்னங்கால் இரண்டிலும், உள்பக்கமாக மேலே, தரையில் படாத நகம் ஒவ்வொன்று கூடுதலாக இருந்தது.

"ஏட்டி, இருபது நகம் மனுசருக்குள்ளது. நாய்க்கும் இருபதுன்னா வீட்டு ஆம்பளைக்குச் சமமால்லா வந்து நிக்கும். ஆகாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த நகம் போகணும், இல்லாட்டா நாய் போகணும்" என்றார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட வண்டிக்கும் சொல்லியாகிவிட்டது.

அந்த நகமும் லேசுப்பட்டதில்லை. தரையில் உரசித் தேயாததால் வளைந்து வளைந்து சதைக்குள் இறங்கப் பார்த்தது. வேலியில் மாட்டி ஒருதரம் ரத்தமும் வந்தது. அடியோடு வெட்டினால் கால் ஊனமாகிவிடுமோ என்று பயம். நுனியை மட்டும் நறுக்கினால் எண்ணிக்கை குறையாது, நாய் அக்கரைக்குப் போய்விடும்.

லாடக்காரரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தார், பார்த்தார், போய்விட்டார். புதன்கிழமை வந்து நகத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

"என்ன வே, நாய்க்கு ஜாதகமா பாக்கீரு?" என்றார்கள் மாமியார்.

"ஆச்சி, தோலில தொங்குத நகம்னா ஒரு வெட்டு, முடிஞ்சிட்டு. இது எலும்பைப் பிடிச்சிருக்கு. யோசிக்கணும்."

"ஒம்ம கால் நகத்தை முதல்ல யோசியும்."

"இது மாடு மிதிக்குத காலு, ஆச்சி. நகம்தான் அதுக்குக் கவசம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் போய்விட்டார். நான் அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

வியாழக்கிழமை கத்தரியோடு வந்தார். நான் வீரியின் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். மாமியார் நடையில் நின்று, "நகத்தை எடுத்திரும், வே" என்றார்கள்.

"எடுத்திருதேன், ஆச்சி."

வீரி ஒரு முனகல்தான் முனகியது. கண்ணைத் திறப்பதற்குள் மஞ்சளை அப்பி, இரண்டு காலிலும் துணியைச் சுற்றியிருந்தார். ஒன்பது நாள் கட்டை அவிழ்க்கக் கூடாது என்றார். "எடுத்தாச்சா?" என்று மாமியார் கேட்டார்கள். "எடுத்தாச்சு" என்றார். வண்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் மாமியார் தாமே கட்டை அவிழ்த்து எண்ணினார்கள். இருபது. ஒன்றுகூடக் குறையவில்லை. கூடுதல் நகம் இரண்டும் நுனி நறுக்கி, அழகாகக் குட்டையாக இருந்தன. உடனே ஆள் விட்டு லாடக்காரரை வரச் சொன்னார்கள்.

"நகத்தை எடுக்கச் சொன்னா, அது அங்கனயே இருக்கு?"

"எடுத்தேனே, ஆச்சி. அண்ணாச்சிக்குச் சவரக்காரர் மாசம் ரெண்டு தடவை நகம் எடுக்காரு. அண்ணாச்சிக்கு விரலா போச்சு?"

உள்ளே இருந்த மாமனார் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். மாமியார் குனிந்து அந்தக் குட்டை நகத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"திரும்ப வளருமே, வே?"

"வளந்தா திரும்ப எடுக்கேன். பத்து நாளா இருபது நகத்தோடதான் இருக்கு. அண்ணாச்சி நல்லாத்தானே இருக்காரு?"

மாமியார் மாமனாரை மேலும் கீழும் ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நாய் தங்கிவிட்டது. அவரை வாசல் வரைக்கும் அனுப்பப் போனபோது கேட்டேன். "ஒரு நகத்துக்கு மூணு நாளா யோசிக்கணும்?"

"நகத்துக்கு ஒரு நொடிதான், தாயி. ஆச்சிக்குத்தான் மூணு நாளு" என்றார், என் காலைப் பார்த்தபடியே.

அதிலிருந்து மாதம் ஒருமுறை கத்தரியோடு வருவார். வீட்டு ஆட்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். "வீரி அம்மா இருக்காங்களா?" என்று நாயைத்தான் கேட்பார். எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர்களில் அவ்வளவு மரியாதை தெரியாதவரை நான் கண்டதில்லை.

எட்டு வருசம் கழித்து வீரி கிழடாகிச் செத்தது. முருங்கையடியில் புதைத்தோம். அவருக்கும் தெரியும். ஆனாலும் அடுத்த மாதம் கத்தரியோடு வந்து வாசலில் நின்றார். "கால் பழகிப்போச்சு, தாயி" என்றார். வெயிலில் வந்தவரை வெறுமனே அனுப்ப முடியாமல் ஒரு செம்பு மோர் கொடுத்தேன். அதற்கு அடுத்த மாதம், அவர் வருகிற நாளுக்கு, நானாகவே மோரைக் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.