லிஃப்டுக்குக் குரல் கொடுத்தவன்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். என் தொண்டை மட்டும் நலமில்லை, அதற்குக் காரணம் நீங்கள். அத்தையை விசாரித்ததாகச் சொல்லவும். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, நாவல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து பிழைக்கப் போகிறேன் என்றபோது எனக்குத் தைரியம் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான். அதை மறக்கவில்லை. ஆனால், "ஆரம்பத்துல எந்த வேலையையும் வேண்டாம்னு சொல்லாதடா" என்று சொன்னதோடு நிற்காமல், பார்த்தவர்களுக்கெல்லாம் என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டீர்களே, அங்கேதான் பிடித்தது சனி. உங்களோடு வாக்கிங் வருகிற மெத்தைக் கடைக்காரர் வந்தார், தள்ளுபடி விற்பனைக்குக் கத்தச் சொன்னார், கத்தினேன், தொண்டை கட்டிக்கொண்டது. உங்கள் பல் டாக்டர் வந்தார், வாயைத் திறந்தபடி கிடக்கும் நோயாளிகள் கேட்பதற்குத் தமாஷாக ஏதாவது பேசச் சொன்னார், பேசினேன், ஒருத்தர் சிரித்து டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாராம், கோபம் என்மேல். பிறகு வந்தவர் உங்கள் சிநேகிதர், லிஃப்ட் கம்பெனிக்காரர். நாலு வரிதான் என்று உட்காரவைத்து, "கதவு மூடுகிறது" என்பதையே நாள் முழுக்கச் சொல்லவைத்தார். முதலில் அன்பு போதவில்லையாம், அப்புறம் அன்பு ஜாஸ்தியாம்.

போன வாரம், நான் தவமாய்த் தவம் கிடந்த நாவல் கிடைத்தது. ஸ்டூடியோ மேல்மாடியில். லிஃப்டில் ஏறினேன், பாதியில் நின்றது, விளக்கும் போனது. தலைக்கு மேல் ஸ்பீக்கரிலிருந்து நானே என்னிடம், "பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது" என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை மாமா. "வாயை மூடுடா" என்று கத்தியும் பார்த்தேன், கேட்கவில்லை. ஒருவழியாகக் கதவு திறந்து மேலே போனபோது, என் நேரம் முடிந்து ஸ்டூடியோவில் வேறு யாரோ பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் வராவிட்டால் நாவல் வேறு குரலுக்குப் போய்விடும் என்றார் ஸ்டூடியோக்காரர். வீட்டுக்கு வந்து அழுதேவிட்டேன்.

என் மனைவி சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால், "உங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராதுங்க. வந்திருந்தா எங்கப்பா கிட்டயே சொல்லியிருப்பீங்க" என்றாள். ஆனால் வழியும் அவள்தான் சொன்னாள். நேரில் வராதது மைக்கில் வருமாம். அப்படியே வந்தது. இப்போது யார் கூப்பிட்டாலும், "அழைத்தமைக்கு நன்றி. புத்தகம் வாசிப்பதைத் தவிர வேறு வேலை ஏற்பதில்லை, மன்னிக்கவும்" என்று போனே சொல்லிவிடுகிறது. வீடு நிம்மதியாக இருக்கிறது. ஆகவே, இனி என் நம்பரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை நான் நாவலுக்கு மட்டும்தான்.

உங்கள் ஆரோக்கியத்துக்கும் அத்தையின் பொறுமைக்கும் என் வணக்கங்கள்.

அன்புள்ள,
உங்கள் மருமகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கடன் கொடுக்கும் கம்பெனி மேனேஜராம், உங்கள் சிநேகிதராம். போனில் நான் மறுத்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டாராம். "இவ்வளவு பதமா என்கிட்ட யாரும் முடியாதுன்னு சொன்னதே இல்ல தம்பி" என்று கண் கலங்கிவிட்டார். கடன் கேட்டு வருகிறவர்களுக்கும் இதே குரலில் விதவிதமாக முடியாது என்று சொல்ல வேண்டுமாம். முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். பதிவு வெள்ளிக்கிழமை. ஸ்டூடியோக்காரரிடம் நீங்கள்தான் ஒரு வார்த்தை பேச வேண்டும். அவர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.