ஐந்தையும் ஒரே பொத்தானில் பூட்டிய கதை

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துவிட்டால் வாழ்க்கை இலகுவாகிவிடும் என்று நம்புகிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. வவுனியாவில் அந்தக் கூட்டத்துக்கு நான்தான் தலைவி. வீட்டுச் சாவி, அலுமாரிச் சாவி, ஸ்கூட்டிச் சாவி எல்லாம் என்னிடம் ஒரே வளையத்தில் கிடக்கும். (தொலைந்தால் எல்லாம் ஒன்றாகத் தொலையும். அதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறதுதானே.)

இந்தக் குணத்துக்குச் சம்பளம் தரவும் ஓர் இடம் இருந்தது. நகரத்தில் உரக்கடை ஒன்றின் மேல்மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் நிறுவனம் அது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், என்ன நிறம், அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுப்பது என் வேலை. கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் மட்டும் மகளைப் பார்த்து அலுத்துப்போய், வவுனியாவில் எங்கள் நெளுக்குளத்துக்கே திரும்பி வந்து அங்கே சேர்ந்திருந்தேன்.

அப்போதுதான் கொழும்பில் ஒரு பெரிய கம்பனி எங்களைக் கூப்பிட்டது. அவர்களிடம் பாதுகாப்புக்கென்று ஐந்து மென்பொருள்கள். வைரஸுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று, கடவுச்சொற்களுக்கு ஒன்று, கமராக்களுக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒன்று. காணிச் சண்டையில் கதை பேச்சை நிறுத்திய சகோதரங்கள் மாதிரி ஐந்தும் ஐந்து பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. ஒன்றில் சிவப்பு என்றால் ஆபத்து, இன்னொன்றில் சிவப்பு என்றால் எல்லாம் சரி. இவற்றை ஒரே திரைக்குள் கொண்டுவர வேண்டும். இந்த வேலை கிடைக்காவிட்டால் நிறுவனத்தை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி குகன் அண்ணை சொல்லிவிட்டார். மூடினால் நான் மறுபடி கொழும்பு பஸ் ஏற வேண்டும்.

மாதிரி ஒன்றைச் செய்து, முதலில் எங்கள் அலுவலகத்தையே அதில் இணைத்தோம். கணினிகள், மின்னஞ்சல், வாசல் கதவு எல்லாம் அதற்குள் அடக்கம். கூடவே அச்சு அசலாக ஓர் ஒத்திகைப் பிரதியும் இருந்தது. அதில் எதை அழுத்தினாலும் நிஜத்தில் ஒன்றும் நடக்காது. வித்தியாசம் தெரிவதற்காக ஒத்திகையின் தலைப்பில் ஒரு மஞ்சள் பட்டி.

அந்த மஞ்சள் என் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது. வீதி வேலை நடக்கிற இடத்தில் கட்டுகிற நாடா மாதிரி ஒன்றைக் கொழும்பிலிருந்து வருகிறவருக்கு எப்படிக் காட்டுவது? அவர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அதைத் தூக்கிவிட்டேன். பரிசோதனைக்குப் பொறுப்பான ரிஸானா, முல்லைத்தீவுப் பிள்ளை, "அக்கா, அது கிடந்திட்டுப் போகட்டும்" என்றாள். அழகைப் பற்றி நான் அவளுக்கு ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். (அவள் கொட்டாவி விட்டதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.)

மறுநாள் கம்பனியின் சார்பில் மிஸிஸ் நடராஜா வந்தா. சிரிப்பதற்கும் அனுமதிக் கடிதம் கேட்பா போன்ற முகம். மதியச் சாப்பாடு ரிஸானாவின் உம்மாவின் பொறுப்பு. இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல், தெரிந்தவர் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் சமைப்பது தன் கடமை என்று அவா எடுத்துக்கொண்டிருந்தா. புரியாணியோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவாவைக் கூட்டிவர குகன் அண்ணை போயிருந்தார். அறையில் மிஸிஸ் நடராஜா, ரிஸானா, நான்.

நான் ஒத்திகையைத் திறந்து மிஸிஸ் நடராஜாவின் ரப்லெற் கணினியில் கொடுத்தேன். பெரிய திரையிலும் ஒத்திகையைத்தான் திறந்தேன் என்று நினைத்தேன். "ஆபத்து வந்தால் ஐந்து இடத்துக்கு ஓடத் தேவையில்லை, ஒரே அழுத்துத்தான்" என்று கையை நீட்டி, "அனைத்தையும் பூட்டு" என்ற என் அருமைப் பொத்தானை அழுத்தினேன்.

வாசல் கதவு 'டக்' என்றது. கணினிகள் வரிசையாக இருண்டன.

ரிஸானா மெல்லிய குரலில் சொன்னாள், "அக்கா, அது எங்கட ஒபிஸ்."

பூட்டைத் திறக்கும் இலக்கம் மின்னஞ்சலுக்கு வரும். மின்னஞ்சலும் பூட்டியிருந்தது. (ஒருங்கிணைப்பு அவ்வளவு பூரணம்.) ரெலிபோனில் அழைத்தவுடன் குகன் அண்ணை ரிஸானாவின் உம்மாவையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்து கீழே மெயின் சுவிட்சை நிறுத்தினார். கரண்ட் போனால் காந்தத்தால் பூட்டுகிற அந்தக் கதவு தானாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லை. கரண்ட் போகிற ஊரில் கதவுக்கு ஒரு பற்றரி அவசியம் என்று வாங்க வைத்ததும் நான்தான். அது தீரும் வரைக்கும் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் ஊரில் எல்லாரும் கரண்ட் வரக் காத்திருப்பார்கள். அன்றைக்கு நாங்கள் போகக் காத்திருந்தோம்.

கொழும்பில் நான் இருந்த அறையின் ஒற்றைக் கட்டில்தான் கண்ணுக்குள் நின்றது.

கீழே வீதியில் ரிஸானாவின் உம்மாவுக்கு விஷயம் விளங்கியது. கதவு, கணினி ஒன்றும் அவாவுக்குப் பெரிதில்லை. விருந்தாளி மேலே பசியோடு இருக்கிறா, அதுதான் அவாவுக்கு அவசரம். உரக்கடையில் ஒரு புது வாளியும் மூட்டை கட்டுகிற கயிறும் வாங்கி, பார்சல்களை அடுக்கி, கயிற்றின் நுனியைக் குகன் அண்ணையைக் கொண்டு எங்கள் ஜன்னலுக்கு எறியச் செய்தா. "மெதுவா இழுங்க பிள்ளையள், கத்தரிக்காய்க் கறி ஊத்திரும்" என்ற கட்டளை வேறு. வீதியில் போன பஸ்ஸே நின்று பார்த்தது. முதலில் கயிற்றைப் பிடித்து இழுத்தது மிஸிஸ் நடராஜா.

சாப்பிட்டுக்கொண்டே அவா ரப்லெற்றில் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, ஏன் இது இங்கே, ஏன் அது அங்கே என்று கேட்டா. ஓடி ஒளிய இடமில்லாததால் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பல இடங்களில் உள்ளது, "தெரியாது" என்பதுதான். வழக்கமாக ஒரு பிரதியைக் காட்டிவிட்டுக் கைகுலுக்கிப் பிரிகிற நேரத்தில், அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் புரியாணிக் கையோடு முழுவதையும் பிரித்து மேய்ந்தோம்.

ஒருவழியாகப் பற்றரி உயிரை விட்டு, கதவு திறந்தது. மிஸிஸ் நடராஜா கைப்பையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

"ஐந்தையும் ஒன்றாக்கினது பொய்யில்லை எண்டு விளங்கிச்சு. ஆனா இந்தப் பொத்தானை என்ர ஆக்களிட்டைக் குடுக்கேலாது. ரெண்டு பேர் ஓம் எண்டாத்தான் பூட்ட வேணும். அந்த மஞ்சளையும் திருப்பிப் போடுங்கோ. செய்து போட்டுச் சொல்லுங்கோ, நான் திரும்ப வாறன்."

செய்தோம். வந்தா. கையெழுத்தும் வைத்தா. இரண்டாவது தடவை, திறந்த கதவுக்குக் குறுக்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தா.

அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. உரக்கடைக்கு மேலே விளக்கு எரிகிறது. வாளியோடு வந்த அந்த உம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் கயிறு இழுத்த அந்த அம்மாவுக்கும் நான் பட்ட கடன் பெரியது. ரிஸானாவுக்குப் பட்டதை அவளே வாரம் ஒரு தடவை நினைவூட்டுவாள்.

வீட்டில் இந்தக் கதையை என்னைவிட மகள்தான் நன்றாகச் சொல்லுவாள். ஒவ்வொரு நாள் பின்னேரமும் நான் வந்து கதவைத் தட்டினால், உள்ளே நின்றுகொண்டு திறக்காமல் கேட்பாள்.

"அம்மா, உண்மையா வந்திட்டீங்களோ, இல்லாட்டி ஒத்திகையோ?"

"உண்மையா வந்திட்டன் பிள்ளை" என்பேன். அதற்குப் பிறகுதான் திறப்பாள்.