விமானம் கடலில் சேர்த்தியா?

வேலை கிடைக்காதவனை ஊர் மன்னித்துவிடும். வேலைக்குப் போய், சரிப்படாமல் திரும்பி வந்தவனைக்கூடக் கொஞ்ச நாளில் மறந்துவிடும். மாலை போட்டு, பொட்டு வைத்து, பேனர் கட்டி வழியனுப்பிய பிறகு வீட்டு வாசலைத் தாண்டாமலே நின்றவனை மட்டும் மன்னிக்கவும் செய்யாது, மறக்கவும் செய்யாது. எங்கள் ஊர் வரலாற்றில் அப்படி ஒருவன்தான் உண்டு. இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் ஊர் காரைக்காலில் திருவேட்டக்குடிக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அப்பாவுக்கு ஒரு படகு, அதில் என் அண்ணனும் போவான். அப்பா ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரும்கூட. நான் எம்.சி.ஏ. படித்தேன். அந்தக் குப்பத்தில் அதைப் படித்த முதல் ஆள் நான்தான் என்பதை யாரும் கேட்காமலே சொல்லுவேன். (இப்போதும் பாருங்கள்.)

நான் படித்து முடித்த நேரம், சென்னையில் கம்பெனிகள் உள்ளே இருந்தவர்களையே வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. ரெண்டாயிரத்து மூன்று வரைக்கும் தலத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்குத் திரையில் வீடு வரையச் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தேன். அப்போதுதான் கொழும்பில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெவலப்பர் வேலை கிடைத்தது. அங்கே சண்டை நின்றிருந்த காலம். ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் வெளிநாடு என்றால் பிரான்ஸ். பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் வீட்டுக்குள் நுழையும்போதே ஆட்கள் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைப்பார்கள். பிரான்ஸ் இல்லையென்றால் சிங்கப்பூர். எங்கள் குப்பத்தில் இலங்கை என்பது வெளிநாட்டுக் கணக்கிலேயே வராது. படகு திசை மாறிப் போனால் பிடித்து உள்ளே வைக்கிற இடம், அவ்வளவுதான்.

"அங்க போறதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களா?" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "எங்க மச்சான் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தான். சோறு மட்டுந்தான் போட்டாங்க."

கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் நான் நாற்காலியில் இருந்தாக வேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்து புரோகிராமை எழுதியவர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவர் அன்று ஒரு நாள் மட்டும் வந்து எல்லாவற்றையும் விளக்கி, ஒப்படைத்துவிட்டுப் போவார். நான் வராவிட்டால், இரண்டாவதாகத் தேர்வான கண்டிக்காரரை உட்கார வைத்துவிடுவார்கள். ஞாயிறு மாலை திருச்சியிலிருந்து விமானம். காலையில் காரில் கிளம்பிவிட்டால் தாராளமாகப் பிடித்துவிடலாம்.

சனிக்கிழமை அம்மா என்னை வீடு வீடாக இழுத்துக்கொண்டு போனாள், சொல்லிக்கொண்டு வர. கடைசியில் சந்தானம் பெரியப்பா வீடு. சொந்தப் பெரியப்பா இல்லை, ஊருக்கே பெரியப்பா. படுக்கையில் விழுந்து ரொம்ப நாளாகியிருந்தது. மூன்று தடவை அவர் போய்விட்டாரென்று வீட்டார் அழ, மூன்று தடவையும் அவர் எழுந்து டீ கேட்டிருக்கிறார். காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"எப்பப் போற?" என்றார்.

"நாளைக்குப் பெரியப்பா."

"அப்படியா. நானுந்தான்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தேன்.

விடியற்காலையில் அழுகைச் சத்தம் கேட்டது. அம்மா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இந்த வாட்டி நெசந்தான்" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சாக்ஸ் போட்டுக்கொண்டே வருத்தப்பட்டேன். கோட்டுச்சேரியிலிருந்து வாடகைக் கார் வந்து நின்றது. நான் டை கட்டியிருந்தேன். (கடற்கரை மணலில், சித்திரை மாதத்தில், டை. கண்ணாடியில் பார்த்து எனக்கே மரியாதை வந்தது.)

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிற வரை யாரும் கடலுக்குத் தொழிலுக்குப் போகக் கூடாது. இது ஊர்க்கட்டு. மீறினால் தெண்டம் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் படகைக் கொஞ்ச நாள் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். மற்றபடி வாத்தியார் பள்ளிக்கூடம் போகலாம், கொத்தனார் சித்தாள் வேலைக்குப் போகலாம். கட்டு கடலுக்குத்தான். எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அதுவரை ஊரிலிருந்து விமானம் ஏறியவர்கள் யாருக்கும் கிளம்புகிற நாளில் சாவு குறுக்கே வந்ததும் இல்லை.

பெட்டியை டிக்கியில் வைக்கும்போது கலியபெருமாள் சித்தப்பா வந்தார். அப்பாவுக்குப் பங்காளி முறை. முந்தின மாதம்தான் ஒரு சாவன்று, விட்ட வலையை எடுக்கக் கடலுக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்தார். "தொழிலுக்குப் போவலங்க, வலையத்தான் எடுக்கப் போனேன்" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பாதான், "கடல்ல கால வச்சா வச்சதுதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சித்தப்பா படகு இன்னும் மணலில்தான் கிடந்தது.

அவர் சண்டைக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். சத்தம் போட்டிருந்தால் நாலு பேர் அடக்கியிருப்பார்கள். ரொம்பப் பணிவாக, அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஒரு சந்தேகந்தாங்க. தம்பி இப்பப் போறது தொழிலுக்குத்தானே? கடலத் தாண்டித்தானே போவுது? தெரிஞ்சிக்கிட்டா எங்களுக்கும் ஒதவும்."

பஞ்சாயத்தார் மாரியம்மன் கோயில் வாசலில் கூடிவிட்டார்கள். பிணம் கிடந்த வீடு ஒரு பக்கம், பந்தல் போடுகிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் டை கட்டிய நான்.

"விமானம் தண்ணியவே தொடாதுங்க" என்றேன். "முப்பதாயிரம் அடி ஒசரத்துல போவும்."

"கீழ என்ன இருக்கும் தம்பி?" என்றார் தலைவர்.

"கடல்தான் இருக்கும்."

"அப்புறம்?"

படித்தவனாயிற்றே. குச்சியை எடுத்து மணலில் கட்டம் போட்டேன். போவது படகிலா? ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை ஊர்முன் அவிழ்த்துவிட்டேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பந்தல் காலைத் தூக்கிக்கொண்டு அதன்மேலேயே நடந்து போனார். அதற்குமேல் யாரும் அதைப் பார்க்கவில்லை.

கலியபெருமாள் சித்தப்பா மெதுவாக ரோட்டுப் பக்கம் கை காட்டினார். என் சிநேகிதர்கள் கட்டிய துணிப் பேனர் இரண்டு பனைமரங்களுக்கு நடுவே காற்றில் உப்பி நின்றது. 'கடல் கடந்து வெல்லப் புறப்படும் எங்கள் சிங்கமே!' வாசகம் நான் எழுதிக் கொடுத்தது. சிங்கம் என்ற வார்த்தையை நானேதான் சேர்த்தேன்.

"நாங்க ஒண்ணும் சொல்லலிங்க. அவங்களே போட்ருக்காங்க" என்றார் சித்தப்பா.

கார் டிரைவர் அவ்வப்போது வந்து காதில் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், இப்பக் கெளம்புனா நிம்மதியாப் போவலாம்." பிறகு, "சார், இப்பக் கெளம்புனாலும் அடிச்சிப் புடிச்சிரலாம்." அவர்தான் அங்கே எனக்கிருந்த ஒரே கட்சிக்காரர். வாடகை போய்விடுமே என்ற கவலை என்றாலும் கட்சி கட்சிதான்.

பஞ்சாயத்தார் குசுகுசுவென்று பேசினார்கள். விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு பேர் சொன்னார்கள், என் காதில் விழுந்தது. ஆனால் முந்தின மாதம் ஒருவன் படகைக் கட்டிப்போட்டுவிட்டு, இந்த மாதம் பஞ்சாயத்தார் பிள்ளையைக் காரில் ஏற்றினால் ஊர் என்ன சொல்லும்? தலைவர் சாமர்த்தியசாலி. "போன மாசம் தீர்ப்பு சொன்னது நீங்கதான். இதையும் நீங்களே சொல்லுங்க" என்று அப்பா தலையில் கட்டிவிட்டார்.

அம்மா பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு வார்த்தை. 'போய்ட்டு வாடா' என்று ஒரு வார்த்தை போதும். மீதியைச் சமாளித்துக்கொள்ளலாம்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் போட்ட கட்டம் அழிந்து கிடந்த மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தாண்டுறது தாண்டுறதுதான். அடக்கம் முடிஞ்சு போவான்."

அடக்கம் எப்போது? சென்னையிலிருந்து சந்தானம் பெரியப்பா மகள் வந்த பிறகு. அவள் எப்போது வருவாள்? சாயங்காலம். விமானம் எப்போது? சாயங்காலம்.

அம்மா விடுவிடுவென்று திரும்பி நடந்தாள். வீட்டுக்குப் போய் ஒரு குடத்தைப் போட்ட சத்தம் கோயில்வரை கேட்டது. மீறிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருந்தால் எங்கள் படகு மணலில் கிடக்கும், அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளோடு என் பெயரைச் சொல்லிப் பட்டினி கிடப்பான். அதையும் மீறிக் காரில் ஏறத் தோன்றியது. ஏறியும் உட்கார்ந்தேன். கதவை அண்ணன் திறந்து பிடித்தபடி நின்றானே தவிர, இறங்கு என்று சொல்லவில்லை. அவன் சொல்லாததால் இறங்கினேன்.

டிரைவர் வாட்சைப் பார்த்தார். "சார், இனிமே மெதுவாவே பேசலாம்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் காரை விட்டுத் தூங்கப் போனார்.

சாயங்காலம் சந்தானம் பெரியப்பாவைத் தூக்கியபோது நானும் ஒரு தோள் கொடுத்தேன். வாழ்க்கையில் ஒரு பிணத்தின்மேல் கோபப்பட்டுக்கொண்டே நடந்தது அன்று மட்டும்தான். டையைக் கழற்ற மறந்துவிட்டேன். துட்டிக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர், நான் வங்கியிலிருந்து வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

மறுநாள் பூத்திலிருந்து கொழும்புக்குப் போன் போட்டேன். மேனேஜர் அந்த ஊர்த் தமிழர், நல்ல மனிதர். பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்றிருக்கலாம், விமானம் தவறிவிட்டது என்றிருக்கலாம். உண்மையைச் சொன்னால் மனம் இளகும் என்று எவனோ எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான்.

"செத்தது உங்கட வீட்டு ஆளோ?" என்றார்.

"இல்ல சார், ஊர்ல ஒருத்தர்."

"நீங்கள் பிளேனிலதானே வாறீங்கள்? வள்ளத்துக்குப் போட்ட சட்டம் உங்களுக்கு ஏன்?"

"அதத்தான் சார் நானும் கேட்டேன்."

பூத் மீட்டர் மட்டும் ஓடியது. பிறகு மிகவும் அன்பாகக் கேட்டார்: "தம்பி, உங்கட ஊரில எத்தனை பேர் இருக்கினம்? ஒவ்வொருத்தர் சாகேக்கையும் நீங்கள் வராமல் விட்டால், நான் ஆரை வச்சு வேலை செய்யிறது?"

கண்டிக்காரர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாராம்.

அடுத்த வாரமே பஞ்சாயத்து மறுபடியும் கூடியது. யோசித்துப் பார்த்ததில் விமானம் கடலில் சேர்த்தி இல்லை என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். தலைவர் வீடு தேடி வந்து, "இனிமே நீங்க எப்ப வேணாலும் போவலாம் தம்பி" என்று சொல்லி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? அந்த முடிவுக்கு ஊரில் என் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றுவரை அதன்படிதான் நடக்கிறது. பிற்பாடு எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, பஸ்ஸில் போனேன். கடலை நான் இதுவரை தாண்டவில்லை.

அப்பாவும் நானும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பொங்கலுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். அவர் என்னைப் பார்க்காமலே "மீன் போட்டுக்க" என்பார். நானும் அவரைப் பார்க்காமலே போட்டுக்கொள்வேன். இப்படியே பல வருஷம் போயிற்று.

சில வருஷங்களுக்கு முன்னால் அப்பா போய்விட்டார். குப்பத்தில் ஒரு படகும் நகரவில்லை. நடுவீட்டில் அவரைக் கிடத்தியிருந்தோம். காலையில் கலியபெருமாள் சித்தப்பா வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. பின்னால் அவர் மகள் சுமதி பெட்டியோடு நின்றாள். நர்ஸ். மாலத்தீவில் வேலை. அன்றைக்கு விமானம்.

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் குந்தினார். "அண்ணி, பாப்பாவுக்கு இன்னிக்கு பிளைட்டு. இன்னிக்கு உட்டா வேல போயிரும்ங்கிறாங்க. ஊர்ல அதுக்குத் தடையில்லதான். இருந்தாலும் அண்ணன்கிட்ட ஒரு வார்த்த…"

அம்மா அழுகையை நிறுத்தினாள். சுமதியைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்:

"கேட்டுக்கிட்டுப் போங்க. இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

முதலில் அண்ணன்தான் சிரித்தான். அப்புறம் சித்தப்பா. துட்டி வீடு மொத்தமும் சிரித்து, அதே மூச்சில் அழுதது. சுமதி அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். விமானத்தைப் பிடித்தும்விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் யார் எதற்கு அனுமதி கேட்டாலும் அதுதான் பதில். பிள்ளைகள் டூர் போக வேண்டுமா, சினிமாவுக்குப் போக வேண்டுமா, பெரியவர்கள் அப்பா படத்தைக் கை காட்டுவார்கள். "தாத்தாகிட்டக் கேட்டுக்க, ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நானும் ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது படத்தின் முன் நின்று கேட்டேன். "வேற யாரு புள்ளையா இருந்தாலும் விட்டுருப்பீங்கதானே?" அன்றைக்கு மாதிரித் தலையையாவது குனிந்துகொள்வாரென்று பார்த்தேன். படத்தில் என்னை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.