லிட்டருக்கு இருபத்தாறு கொடுத்த வண்டியும் டவுன் பஸ்ஸில் போன டூல் பாக்ஸும்

அருள்புரம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் சகாயராஜ் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி புருஷன் டேனியல் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் தயவில் நானும் பிரிசில்லாவும் இங்கே சௌக்கியம். அமராவதி நகரில் நீங்களும் அக்காவும் டேம் ஓரத்து மீன் வறுவல் கடையும் அதே மாதிரி சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் ஏன் லெட்டர் என்று நினைப்பீர்கள். போனில் நான் வண்டிப் பேச்சை எடுத்தாலே “எண்ணெய் காயுதுங்க மாப்ள” என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. லெட்டரை அப்படித் தள்ள முடியாது. கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன், ஆகவே நடுவில் தாண்டிப் போகாமல் படிக்கவும்.

நம்முடைய பழைய மொபட் ஓய்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு வண்டி இல்லை என்றால் கை இல்லாத மாதிரி. சரியாக அந்த நேரத்தில்தான் பெரிய பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து இந்துமதி மேடம் கூப்பிட்டு அனுப்பினார். ஓனருடைய மகள், சின்ன வயசு, ஆனால் பேச்சில் ஒரு வார்த்தை வீண் கிடையாது. “ஏனுங்க டேனியல், எங்க மெஷின் அத்தனையும் உங்ககிட்டயே சர்வீஸுக்குக் குடுக்கறனுங்க. ஆனா லைன் நின்னா அரை மணி நேரத்துல டூல்ஸோட வந்து நிக்கோணும். வண்டி எடுங்க. இந்த மாசம் பாக்கறேன், சரியா வந்தா வருஷக் காண்ட்ராக்ட்” என்றார். மச்சான், இத்தனை வருஷம் சின்னச் சின்ன யூனிட்டாக ஏறி இறங்கியவனுக்கு இது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு! அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் நான் ‘வண்டி’ என்ற வார்த்தையைத்தான் அதிகமாகச் சொன்னேன் என்று பிரிசில்லா சொல்கிறாள்.

அடுத்த நாளே புரோக்கர் முருகேஷைப் பிடித்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்த, நான் கலர் பார்க்கவில்லை, டயர் பார்க்கவில்லை, ஒரே கேள்விதான் கேட்டேன், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று. டீசல் மினி லாரி வந்தது, பதினாறு என்றார், அனுப்பிவிட்டேன். கேஸ் வண்டி வந்தது, அது கிலோவில் கணக்குச் சொன்னது, காய்கறியா வாங்குகிறோம் என்று அதையும் அனுப்பிவிட்டேன். மூன்றாவதாக ஒரு கரண்டு லோடு ஆட்டோ வந்தது பாருங்கள், பச்சைக் கலரில், பூனை மாதிரி சத்தமே இல்லாமல் வந்து நின்றது. வழக்கம் போல “லிட்டருக்கு எவ்வளவுங்க?” என்றேன். முருகேஷ் தலையைச் சொறிந்துகொண்டு “இதுல லிட்டரே இல்லீங்களே” என்றார். நானும் விடாமல், “செரி, இல்லாமப் போகட்டும், லிட்டருக்கு எவ்வளவுங்க?” என்றேன். மைலேஜ் கேட்க வழியில்லாத வண்டியை எதை வைத்து நம்புவது, நீங்களே சொல்லுங்கள். அதுவும் போக, மெக்கானிக் வருகிற சத்தம் கேட்டால்தான் கம்பெனியில் கதவு திறப்பார்கள். உங்கள் தங்கச்சி மட்டும் அதில் ஏறி, முருகேஷைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிரவுண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து சிரித்தாள். லைசென்ஸ் எடுத்திருக்கிறாளே, ஆசைக்கு ஓட்டிப் பார்க்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒரு பெட்ரோல் லோடு ஆட்டோ அமைந்தது. செகண்ட் ஹேண்ட், வயசானது, இருபது கொடுக்கும் என்றார் முருகேஷ். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கிவந்தேன். மச்சான், மைலேஜ் என்பது வண்டியிடம் இல்லை, ஓட்டுகிறவனிடம் இருக்கிறது என்பது என் கட்சி. பங்கில் டேங்க் கழுத்து வரை ஊற்றச் சொல்லி, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, காற்றெல்லாம் வெளியே போனதும் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். பங்குக்காரப் பெண் “அண்ணா, கொழந்தையத் தாலாட்டறீங்களா?” என்று கேட்டது. ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டேன், ஜாக்கியைக் கழற்றிவிட்டேன், காலடி மிதியடியைக்கூட எடுத்துவிட்டேன். இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தானாக உருளவிட்டேன். போன் சார்ஜ் போட்டால் பெட்ரோல் கூட இழுக்கும் என்று அதையும் நிறுத்தினேன். பிரிசில்லா பக்கத்தில் ஏறுகிற அன்றைக்கு மட்டும், “கண்ணு, ரெண்டு இட்லி கொறைச்சுக்கிறியா, ஒரு டெஸ்ட்டுக்குத்தான்” என்று அன்பாகத்தான் கேட்டேன். அதற்கு அவள் கூடுதலாக மூன்று இட்லி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். இத்தனைக்கும் நடுவில் இருபது என்பது இருபத்து மூன்று ஆயிற்று, இருபத்து நாலு ஆயிற்று. எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது, உங்களுக்கோ எண்ணெய் காய்ந்துகொண்டே இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலையில் போன் வந்தது. மறுநாள் ஷிப்மெண்ட், பனியன் மடிப்புத் தைக்கிற பிளாட்லாக் மெஷின் லைன் நின்றுபோய்விட்டது, தையல் விட்டு விட்டு விழுகிறது, உடனே வாங்க என்றார்கள். இதுதான் பரீட்சை என்று எனக்கும் தெரியும், இதில் தவறினால் காண்ட்ராக்ட் இல்லை. வாயில் இருந்த காபியோடு ஓடிப்போய் வண்டியை எடுத்தேன். ஆனால் மச்சான், பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவன் நான் இல்லை. நிதானமாகப் போனேன். ஸ்கூல் வேன் தாண்டிப் போனது, தண்ணி டேங்கர் தாண்டிப் போனது, ஒரு அம்மா தயிர்த் தூக்கோடு மொபட்டில் தாண்டிப் போனார். சைக்கிளில் வேலைக்குப் போகிற வடநாட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, பாவம் வண்டி நின்றுவிட்டது போல என்று நினைத்து, “பையா, தக்கா தூ?” என்றான், தள்ளிவிடட்டுமா என்று இந்தியில் கேட்கிறான், கேட்டபடியே காலையும் நீட்டினான். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்ச தூரத்துக்கு மைலேஜ் மிச்சம்தானே. கம்பெனி கேட்டில் நிறுத்திக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபத்தாறு! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தேன்.

டூல் பாக்ஸ் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் எடை குறைக்கிறேன் என்று அந்த இரும்புப் பெட்டியை நானேதான் இறக்கி வாசலில் வைத்தேன். பெரிய கம்பெனி, நின்றுபோன லைன், இருபத்தாறு கொடுக்கிற வண்டி, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. ஊட்டுக்கு போன் பண்ணலாம் என்றால் போன் செத்துக் கிடக்கிறது, சார்ஜ்தான் போடவில்லையே. என்ன சொல்லிச் சமாளிப்பது என்று ஒவ்வொரு படியாக யோசித்துக்கொண்டே மாடி ஏறினேன், மச்சான்.

மேலே போனால் லைன் ஓடிக்கொண்டிருக்கிறது! நடுவில் பிளாட்லாக் மெஷின் முன்னால், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்தில் நம்ம டூல் பாக்ஸோடு, உங்கள் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள். நான் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் வாசலில் பெட்டியைப் பார்த்திருக்கிறாள், எனக்கு போன் போட்டுப் பார்த்திருக்கிறாள், கிடைக்கவில்லை என்றதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறிவிட்டாள். அந்த பஸ் என்னை எப்போது தாண்டிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை, எத்தனையோ தாண்டிப் போனதில் அதுவும் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் பிளாட்லாக் ஓட்டினவள், இத்தனை வருஷம் என் கூடவே பட்டறையில் மெஷின் பிரித்து மாட்டினவள், சத்தத்தைக் கேட்டதுமே அடி நூலைக் கோக்கிற லூப்பர் இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி வைத்துவிட்டாள். தைக்கிற பெண்கள் எல்லாம் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது மச்சான், என் பொண்டாட்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்து இந்துமதி மேடம் திரும்பி என்னைப் பார்த்து, “வாங்க டேனியல். அக்கா வந்து வேலையே முடிஞ்சுதுங்க. நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?” என்றார். நானும் “ஆமாங்க” என்று சொல்லிவிட்டேன்.

காண்ட்ராக்ட் கிடைத்துவிட்டது! பேப்பரெல்லாம் பிரிசில்லாதான் மேடத்தோடு உட்கார்ந்து முடித்தாள், நான் கீழே வண்டிக்குக் காவல். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் தெருவுக்கே லட்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாளாகத் தூங்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். டவுன் பஸ்ஸில் லேடீஸுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. பெட்ரோல் ஒரு சொட்டு இல்லை, சார்ஜ் இல்லை, பார்க்கிங் இல்லை, நம்மை விடச் சீக்கிரமும் போய்விடுகிறது. ஆகவே இந்தத் தொழிலுக்கு உலகத்திலேயே அதிக மைலேஜ் கொடுக்கிறது பிரிசில்லாதான்! வண்டியே வேண்டாம், பெட்ரோல் ஆட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அவள் பஸ்ஸில் போய் மெஷின் பார்க்கட்டும், நான் பட்டறையில் இருந்து மேற்பார்வை பார்க்கிறேன் என்று அவளிடம் பக்குவமாகச் சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். சம்மதமா இல்லையா என்று தெரியவில்லை. அண்ணன் சொன்னால் அவள் கேட்பாள். நீங்கள்தான் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அவளுக்குப் புரிய வைக்க வேண்டும். இதுதான் நான் கேட்கிற உதவி.

அக்காவுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்கள் அடுப்பையும் வலையையும் ஆசீர்வதிப்பாராக. இந்த லெட்டரை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி பிரிசில்லாவிடமே கொடுக்கிறேன், பயப்பட வேண்டாம், நம்ம ஊட்டில் ஒருத்தர் லெட்டரை ஒருத்தர் பிரிக்கிற பழக்கம் இல்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அன்பு மாப்பிள்ளை,
டேனியல்.

பி.கு.: அண்ணா, நான் பிரிசில்லா, புதன்கிழமை எழுதறேன், லெட்டரை இன்னும் தபால்ல சேர்க்கல. நாலு வார்த்தையும் வேண்டாம், ஒரு வார்த்தையும் வேண்டாம். காண்ட்ராக்ட் என் பேர்லதான் ஆயிருக்கு, உங்க மாப்பிள்ளை இன்னும் அந்தப் பேப்பரைப் பார்க்கல. அன்னைக்கு போனை எடுத்துட்டு வெளிய போனேன்ல, அது முருகேஷுக்குப் பேசத்தான். பெட்ரோல் ஆட்டோவுக்குப் பதிலா அந்தப் பச்சைக் கலர் கரண்டு ஆட்டோ நேத்து சாயங்காலம் ஊட்டுக்கு வந்துருச்சு. சுத்திச் சுத்தி வந்து பெட்ரோல் எங்க ஊத்தறதுன்னு தேடிட்டு இருக்கார், பாவம். ஆனா ராத்திரி எந்திரிச்சுப் போய் அதுக்குத் துணி போத்திட்டு வந்தார், அதையும் பார்த்தேன், சிரிப்பை அடக்க முடியல. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் நானே ஓட்டிட்டு உங்க ஊட்டுக்கு வாரேன். அண்ணிகிட்டச் சொல்லி மீன் எடுத்து வைங்க, சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்டும் ஒதுக்கி வைங்க. உங்க மாப்பிள்ளையும் வரார், டூல் பாக்ஸை மடியில வச்சுக்கிட்டு. வழியில மைலேஜ் கொறைஞ்சா எதை இறக்கி வைக்கோணும்னு எனக்குத் தெரியும்.