மோர் எண்ணெய் பூசிய கார்

அம்மாவுக்கு நான் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமல் மறைந்துபோயின. ஒன்று மட்டும் கொழும்பில் வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் நாறிக்கொண்டே வந்து, அண்ணாவின் கலியாண மண்டப வாசலில் என்னோடு சேர்ந்து இறங்கியது.

எல்லாம் ஒரு மொரிஸ் மைனரால் வந்த வினை. (காரைக் குறை சொல்லக்கூடாது. என்னால் வந்த வினை.) இருபத்தொன்பது வயதில், என் சம்பளத்தில் சேர்த்த காசில், ஹெவ்லொக் டவுனில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அதை வாங்கினேன். வெளிர்பச்சை நிறம், உருண்டைக் கண்கள், ‘ஸ்ரீ’ போட்ட பழைய நம்பர் தகடு. பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை, குனிந்து அடியைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தே ஓம் சொல்லிவிடும் பெண்களை அதுவரை நக்கலடித்துத் திரிந்தவள் நான்.

அம்மா கொதித்தார். “கலியாணம் கட்டுற வயசிலை ஒரு கிழட்டுக் காரைக் கட்டிக்கொண்டு வந்து நிக்கிறாய்!”

அண்ணாதான் காப்பாற்றினார். “அவள் உழைச்ச காசு. விடுங்கோ அம்மா.” பிறகு என் பக்கம் திரும்பி, “என்ர கலியாணத்துக்கு உன்ர காரிலைதான் போவன். நீதான் ஓடவேணும்” என்றார். (நாங்கள் காரை ஓட்டுவதில்லை, ஓடுவோம்.) அப்பா இறந்தபிறகு அண்ணா எனக்காக விட்டுக்கொடுத்தவை கொஞ்சமல்ல. என்னிடம் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் இதுதான். தலை போனாலும் அதைச் செய்து முடிப்பதென்று முடிவு செய்தேன்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, காரினுள் கிடந்த இறப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே காரின் தரை இருக்கவில்லை. எங்கள் பெருந்தெருவான காலி வீதி தெரிந்தது.

நுகேகொடையில் ஒரு கராஜ் பாஸைப் பிடித்தேன். (இங்கே கைவேலை தெரிந்த எவரும் பாஸ்தான்.) அவர் கறள் (துரு) தின்ற பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து ஒட்டித் தந்தார். “மிஸ் வெள்ளவத்தைதானே? கடல் காத்து. கறள் திரும்ப வரும்” என்று தனக்குத் தெரிந்த தமிழில் எச்சரித்தார். “வெடிங் முடிய கொண்டு வாங்க, அடிக்கு நான் பூசித் தாறேன். நீங்க ஒண்டும் செய்ய வாணாம்.”

அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். காற்று வீசும்போதெல்லாம் கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது போலவே எனக்குத் தோன்றியது. இணையத்தில் தேடினேன். ஒரு வெள்ளைக்காரர் தன் பழைய காரின் அடியில் மீன் எண்ணெய் பீச்சிக்கொண்டிருந்தார், கறள் கிட்டவும் வராதாம். அவருடைய எண்ணெய் டின்னில் ‘மணம் நீக்கப்பட்டது’ என்று எழுதியிருந்ததைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

பேலியகொடை மீன் சந்தைக்கே போய்விட்டேன். “மாளு தெல் தியெனவாத?” என்று மீன் எண்ணெய் கேட்டேன். “மோர தெல் தியெனவா, நங்கி” என்றார் முதலாளி. சிங்களத்தில் மோரா என்றால் சுறா. படகுக்கே பூசுகிற சாமான் என்று ஒரு பிளாஸ்டிக் கான் நிறையத் தந்தார்.

கலியாணத்துக்கு நாலு நாள். வீடு முழுக்கச் சைவம். மச்சம் காய்ச்சும் சட்டிகளெல்லாம் பரணுக்கு ஏற்றப்பட்டிருந்தன. (எங்கள் பேச்சில் மீனும் இறைச்சியும் மச்சம்.) நான் கானோடு உள்ளே நுழைகிறேன், அம்மா அண்ணாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டு நிற்கிறார்.

“என்ன பிள்ளை உது?”

“காருக்குப் பூசுற எண்ணெய் அம்மா. மோர தெல்.”

“மோரெண்ணெயோ? மோரிலையும் எண்ணெய் எடுக்கிறாங்களோ?”

அந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கும்.

“ஓமம்மா. கொழும்பிலை எல்லாத்திலையும் எடுப்பாங்கள்.”

“மோரெண்டால் பால் சாமான். பாதகமில்லை, பூசு.”

அண்ணா ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாள் முழுக்க அலுவலகத்தில் சிங்களம் கதைப்பவர். மறுபடி குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு காரின் அடியில் மல்லாந்து படுத்து, கண்ட இடமெல்லாம் பூசினேன். சைலன்சர் குழாய்க்கு இரண்டு தரம், அதுதானே கீழே தொங்குகிறது என்ற அக்கறையில். வெளியே வந்தபோது தொடர்மாடியின் பூனைகள் எல்லாம் வரிசையில் உட்கார்ந்திருந்தன. சாம்பிராணி காட்டினேன், மல்லிகைச் சரம் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் மணம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒழுங்கைக்குள் ஓட்டிப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது போலவும் இருந்தது.

கலியாணக் காலை. பின்னால் தலைப்பாகையோடு அண்ணா, பக்கத்தில் தோழனாக மணப்பெண் மைதிலியின் தம்பி, முன்னால் அம்மா. காலி வீதி நெரிசலில் சைலன்சர் நன்றாகச் சூடேறியது. இரண்டு தரம் பூசிய எண்ணெய் பொரியத் தொடங்கியது.

பம்பலப்பிட்டியில் அம்மா மூக்கைச் சுளித்தார். “இந்த விடியவெள்ளன ஆரோ மீன் பொரிக்கினம். கண்ணாடியைப் பூட்டு.” பூட்டினேன். மணம் இரட்டிப்பானது. கொள்ளுப்பிட்டியில், “இஞ்சையும் பொரிக்கினம்” என்றார். கோட்டையைத் தாண்டும்போது, “முழுக் கொழும்பும் இண்டைக்கு மீனே பொரிக்குது?” என்று கேட்டார். மைதிலியின் தம்பி சால்வையால் மூக்கைப் பொத்தியிருந்தார். பின்னால் காட்டும் கண்ணாடியில் அண்ணாவைப் பார்த்தேன். ஐயர் சொல்லிக்கொடுத்தது போல நேரே பார்த்தபடி இருந்தார்.

மண்டப வாசலில் மேளம் முழங்க, மூன்று பூனைகள் எங்களை எதிர்கொண்டன. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். ஆனால் பெண் வீட்டார் மத்தியில், “சைவக் கலியாணத்திலை ஆர் மீன் பொரிக்கிறது?” என்று ஒரு குரல் எழும்ப, மைதிலியின் அப்பா நேரே சமையலறைக்குள் பாய்ந்தார். போன வேகத்தில் அவர் திரும்பிவர, பின்னாலேயே தலைமைச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். “என்ர சமையலறையிலை மச்சமோ? இந்தச் சொல்லுக்குப் பிறகு நான் இஞ்சை நிக்கமாட்டன். அடுப்பை அணையுங்கோ!” உள்ளே சோறு அரைவேக்காட்டில். வெளியே நானூறு பேர்.

அண்ணாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது. அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம், அதையும் நான் நாறடித்துவிட்டேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் போய் நின்றேன்.

“மாமா, சமையல்காரரிலை பிழை இல்லை. பொரியிறது என்ர கார்.”

எல்லோரும் காரைப் பார்த்தார்கள். பூனைகள் அதன் அடியிலிருந்து எட்டிப் பார்த்தன.

“மோரெண்ணெய் எண்டனி?” என்றார் அம்மா, மெதுவாக.

“மோரா அம்மா. சுறா.”

முதலில் சிரித்தவர் சமையல்காரர். சிரித்துச் சிரித்துக் கரண்டி கைநழுவி விழுந்தது. பிறகு அடுப்பை மூட்டச் சொல்லிவிட்டு, ஒரு வாளி தேசிக்காய்க் கோதும் (எலுமிச்சைத் தோல்) கொதிதண்ணீரும் அனுப்பினார். தாலி கட்டும் நேரத்தில் நான் கலியாணச் சேலையோடு சைலன்சர் தேய்த்துக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் மட்டும் கேட்டது. அழுதேன், தேசிக்காய்ப் புளி கண்ணில் தெறித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

புதுத் தம்பதி புறப்படும்போது, மைதிலியின் அம்மா குளிரூட்டிய வேறு காரை ஆயத்தமாக வைத்திருந்தார். மைதிலி கூறைச் சேலையோடு அதைத் தாண்டி நடந்து வந்து, என் காரின் கதவைத் திறந்தாள்.

“பிள்ளை, அதுக்குள்ளை மணக்குது!” என்றார் அவள் அம்மா.

“பத்து நாளா மரக்கறிதானே அம்மா தாறியள். மணமாவது கிடைக்கட்டும்.”

சனம் ஓவென்று சிரித்தது. அண்ணாவும் சிரித்தார், அன்றைக்கு முதல் தடவையாக. அந்தச் சிரிப்புக்காக நான் மைதிலிக்கு ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தெரிந்தும் ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று அண்ணாவிடம் பிறகு கேட்டேன். “சொல்லியிருந்தால் அம்மா அந்தக் காரிலை ஏறியிருப்பாவே? நீ ஓடவேணும் எண்டு நான்தானே கேட்டனான்” என்றார்.

ஆண்டுகள் போய்விட்டன. பாஸ் வருடா வருடம் காரைத் தூக்கி, அடியைத் தட்டிப் பார்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டே, “மலகட நே, மிஸ்” என்கிறார். கறள் ஒரு பொட்டும் இல்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் அதில் ஏறுவதில்லை, அவருக்கு அது மச்சக் கார்.

அண்ணா வீட்டில் சாப்பிடப் போனால், கடைசிச் சோற்றுக்கு மைதிலி செம்போடு வந்து நிற்பாள்.

“மச்சாள், மோர் விடட்டோ? நல்லாய்க் கேளுங்கோ, மோர்தான்.”

நான் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் இலையை நீட்டுகிறேன்.