சீனி இறங்கியது, தைரியம் ஏறியது

எனக்கு இனிப்புநீர். சீனி ஏறினால் டாக்டர் திட்டுவார். இறங்கினால் நான் திட்டுவேன். இந்த இரண்டாவது விஷயம் எனக்கே தெரியாது. தம்போயில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்றுதான் தெரிந்தது.

மாசாயில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டேன். சாப்பிடவில்லை. மண்டபத்தில் பிரியாணி. அங்கே போய் ஒரு கை அல்ல, இரண்டு கையும் பார்த்துவிடலாம் என்று திட்டம்.

ஊசி நேரத்துக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. பிரியாணிதான் தம்போயில் இருந்தது. நான் ரோட்டில் டிராஃபிக் ஜேமில் இருந்தேன்.

"என்னங்க, இடது பக்க லேன்ல போங்க," என்றாள் என் மனைவி கஸ்தூரி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இடது என்றால் எனக்கும் இடதுதான். அன்று என்னவோ ஆகிவிட்டது.

"வண்டி ஓட்டுறது நானா நீயா?"

கஸ்தூரி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? உன் சாம்பார்ல பருப்பைத் தேடணும்னா முக்குளிக்கணும்! யாராச்சும் சொன்னாங்களா உன்கிட்ட?"

"என்னங்க..."

"உன் தம்பி வீரமுத்து! பாட்டுப் பாடுறானாம் பாட்டு! போன தடவை அவன் மைக்கப் பிடிச்சதும் பக்கத்து வீட்டுப் பூனை வீட்டை மாத்திருச்சு! இன்னும் திரும்பல!"

அலமாக்! பேசுவது என் வாய்தானா? இத்தனை வருடம் உள்ளே அடைபட்டுக் கிடந்ததெல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. ஸ்டியரிங் நடுங்கியது. இல்லை, நடுங்கியது என் கை.

கஸ்தூரி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"முன்னால பெட்ரோல் ஸ்டேஷன் இருக்கு. உள்ள விடுங்க."

"முடியாது!"

"உள்ள விடுங்கன்னேன்."

அந்தக் குரலுக்கு மட்டும் என் கால் பழகியிருந்தது. வண்டி உள்ளே போய் நின்றது. சாவியை உருவிக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஆரஞ்சு ஜூஸ் பாக்கெட்டை எடுத்தாள். ஸ்ட்ராவைக் குத்தினாள்.

"குடிங்க."

"நீ சொன்னா நான்..."

மிச்ச வாக்கியத்தை ஸ்ட்ரா அடைத்தது. உறிஞ்சினேன். என் விரலைக் குத்தி மெஷினில் வைத்தாள். மூன்று புள்ளி ஒன்று. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. கால் மணி நேரம் பொறுத்து மறுபடி குத்தினாள். ஐந்தைத் தொட்டிருந்தது. நாலு பிஸ்கட்டை என் கையில் திணித்தாள்.

உலகம் மெல்லத் தெளிந்தது. கூடவே நான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. பருப்பு. தம்பி. பூனை.

"கஸ்தூரி... நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"சொன்னீங்க. அது நீங்க இல்ல, சீனி. கிளினிக்ல நர்ஸ் மிஸ்ஸி சொன்னாங்கல்ல? சீனி இறங்குனா வேர்க்கும், கை நடுங்கும், கோவம் வரும்னு. வேர்த்தது எனக்குத் தெரியல. ஆனா நீங்க என்னை எதுத்துப் பேசுனீங்க பாருங்க, அப்பவே புரிஞ்சுபோச்சு, உசுருக்கு ஆபத்துன்னு."

அவள் கண் கலங்கியிருந்தது. இறங்கி வந்து என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். மண்டபம் வரை அவளே ஓட்டினாள். இடது லேனில்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். எவ்வளவு பெரிய உண்மை! ரத்தத்தில் இனிப்புக் குறைந்தால் பேச்சில் காரம் கூடலாம். கூடினால் குற்றமில்லை. மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம், பழியைச் சீனி மேல் போட்டுவிடலாம்! மலேசியாவில் எந்தக் கணவனுக்கும் கிடைக்காத லைசன்ஸ்.

அடுத்த வாரமே அதைப் பயன்படுத்த வேளை வந்தது.

"என்னங்க, வீரமுத்துவுக்கு பாசிர் கூடாங்ல வேலை கிடைச்சிருக்கு. கோத்தா திங்கியிலிருந்து தினம் வர முடியாதுல்ல? நம்ம வீட்டுலயே தங்கட்டும். பாட்டு செட்டையும் கொண்டு வரானாம்."

வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன். எழுந்து நின்றேன். கையைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டேன்.

"முடியாது! இது வீடா, கரோக்கே கடையா? அவன் வந்தா நான் போறேன்!"

"ஐயோ, சீனி இறங்கிருச்சா?" ஓடிப்போய் மெஷினை எடுத்து வந்தாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. விரலை மடக்கினேன். பிரித்தாள். குத்தினாள்.

ஏழு புள்ளி இரண்டு.

கஸ்தூரி அந்த எண்ணை ஒருமுறை பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"சீனி நல்லாத்தான் இருக்கு. அப்ப... சுயபுத்தியோடதான் பேசுறீங்க?"

இப்போது என் கை நிஜமாகவே நடுங்கியது. குப்பென்று வேர்த்தது.

"மெஷின் பழுதா இருக்கும், கஸ்தூரி," என்றேன். "தம்பிக்கு எந்த ரூமைக் கூட்டி வைக்கட்டும்?"