மாமனாரின் ரேடியம் வாட்ச்

எதைச் செய்யாதே என்கிறார்களோ அதைச் செய்துவிட்டு, விளக்கம் வேறு சொல்வது என் பிறவிக் குணம். ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. (இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருக்காது.)

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. புரதத்தின் மேல் கதிரியக்க அயோடினை ரசாயன முறையில் ஒட்டவைப்பது என் வேலை. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் ஒருவர் காலில் சலங்கை கட்டிவிட்டால் அவர் எங்கே போனாலும் தெரியுமே, அதுபோல அந்தப் புரதம் எங்கே போனாலும், கதிர்வீச்சு பட்டால் டிக் டிக்கென்று சத்தமிடும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். வேலை முடிந்ததும், அயோடின் நமக்குள்ளேயே குடியேறிவிட்டதா என்று, அது போய்த் தங்கும் தைராய்டு சுரப்பி இருக்கிற கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்துக்கொள்வோம்.

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள், சொன்ன நேரத்துக்கு அரை மணி தாமதமாக. மாப்பிள்ளையோடு போனில் பேசியதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் பயம். அம்மா காலையிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிடுடி. கதிரு கிதிருன்னு வாயத் தொறக்காத."

மாப்பிள்ளையின் அம்மா என்ன வேலை என்று கேட்டார். சலங்கை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அப்ப அது உன் ஒடம்புலயும் இருக்குமாம்மா?"

"இருங்கம்மா, காட்டறேன்." (ஆய்வகத்தில் கேட்டு கருவியை வாங்கிவந்திருந்தேன். அம்மா சொல்லைக் கேட்கமாட்டேன் என்று எனக்கே தெரியும்.)

கழுத்தில் வைத்தேன். ஒன்றிரண்டு டிக், அவ்வளவுதான். பெருமை தாங்காமல், "எல்லாருக்கும் இவ்ளோதாங்க இருக்கும்" என்று மாப்பிள்ளையின் அப்பா பக்கம் நீட்டினேன். கருவி கடகடவென்று கத்த ஆரம்பித்தது. அவர் கையில், அவருடைய அப்பா விட்டுப்போன பழைய ரேடியம் வாட்ச்; இருட்டில் ஒளிர, எண்களில் கதிரியக்க ரேடியம் பூசியது.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆய்வகப் பழக்கம் விடவில்லை. "கழட்டுங்க சார்" என்றேன். கருவிப் பையிலேயே இருந்த கையுறையை மாட்டிக்கொண்டு, வாட்சை ஜிப் கவரில் போட்டு, மஞ்சள் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி, தேதி எழுதி, அம்மாவின் முறுக்கு டப்பாவில் வைத்து மூடினேன். பாவம், மாப்பிள்ளையின் அப்பா வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி எழுந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கழட்டுங்க கழட்டுங்கன்னு கத்தறேன். அரை மணி லேட்டா ஓடற வாட்ச்ச நம்பி எத்தன பஸ்ஸ விட்டிருக்கோம்! இன்னிக்கும் லேட்டு. இவ ரெண்டே நிமிஷத்துல கழட்டி டப்பால போட்டுட்டா. எனக்கு இந்தப் பொண்ணுதாங்க வேணும்."

கல்யாணம் நடந்தது. மாமனார் மட்டும் இன்றுவரை வேறு வாட்ச் வாங்கவில்லை. நான் ஆய்வகத்தில் இருந்தாலும் போன் வரும். அவர் தலைக்கு மேலேயே சுவர்க்கடிகாரம் ஓடுவது எனக்குக் கேட்கும்.

"மணி என்னம்மா ஆவுது?"

சொல்வேன்.

"அரை மணி கம்மி பண்ணிச் சொல்லும்மா. அப்பதான் எனக்குச் சரியா இருக்கும்."